மூன்றில் இரண்டு பங்கு, ஆனால் எதில்? அரசியலமைப்புத் திருத்த வாக்குகளை நாமே எண்ணிப் பார்க்கும் முறை

“மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் மசோதா நிறைவேறியது” என்று செய்தித்தாளில் படித்தால் நான் பென்சிலைத் தேடுவேன். பள்ளியில் வரலாறு நடத்திய காலத்துப் பழக்கம். ஓய்வு பெற்ற பிறகு மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வாசகசாலையில், குரூப் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். விடியற்காலையில் பால்வெட்டு முடித்து, கையில் ரப்பர் மணம் போகாமலேயே வந்து உட்காருபவர் உண்டு. குளச்சல் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர் உண்டு. குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வரும் பெண்கள் உண்டு. அரசியலமைப்பைத் திருத்தும் முறையைச் சொல்லும் பிரிவு 368 எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் உண்மையில் நடந்த ஒரு வாக்கெடுப்பின் எண்களைக் கரும்பலகையில் எழுதி, “இது நிறைவேறியதா, தோற்றதா?” என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியைப் போக்குவதற்காகச் சேர்த்து வைத்த முறை இது. தேர்வு எழுதாதவர்களும் பயன்படுத்தலாம்.

கையில் ஒரு தாள், ஒரு பென்சில், அரசியலமைப்புச் சட்டத்தின் ஒரு பிரதி இருந்தால் போதும். கைடு வேண்டாம். “மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு” என்று தைரியமாக அச்சிட்ட கைடுகளை நான் பார்த்திருக்கிறேன், அது தவறு. ஏன் தவறு என்பதுதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

முதலில் மசோதா எந்த வகை என்று பாருங்கள்

எண்ணத் தொடங்குமுன் ஒரு கேள்வி: இந்த மாற்றத்துக்குச் சிறப்புப் பெரும்பான்மை (பிரிவு 368 கேட்கும், கீழே நாம் எண்ணப்போகும் இரட்டைச் சோதனை) தேவையா? அரசியலமைப்பில் இருக்கும் எல்லாவற்றையும் மாற்றப் பிரிவு 368 தேவை என்று பலர் நினைக்கிறார்கள். நம் மாவட்டமே இதற்கு நல்ல மறுப்பு.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தன. 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டவர்களின் நினைவு நாளை இங்கே இன்றும் அனுசரிக்கிறார்கள். அத்தனை போராட்டத்துக்குப் பிறகு எல்லையை மாற்றியது எது? மாநில மறுசீரமைப்புச் சட்டம், 1956. அது நாடாளுமன்றத்தின் ஒரு சாதாரணச் சட்டம். புதிய மாநிலம் அமைப்பது, எல்லையை மாற்றுவது, பெயரை மாற்றுவது எல்லாம் பிரிவு 3இன் கீழ் வருகின்றன. அப்படி இயற்றும் சட்டம் 368இன் நோக்கத்துக்குத் திருத்தமாகக் கருதப்படாது என்று பிரிவு 4 வெளிப்படையாகவே சொல்கிறது. வந்து வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் ஆதரவு இருந்தால் போதும்.

அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது: ஏழாவது அரசியலமைப்புத் திருத்தம். அ, ஆ, இ என்று மாநிலங்களைத் தரம் பிரித்திருந்த பழைய ஏற்பாட்டை அது ஒழித்தது. முன்னாள் மன்னர் ஒருவர் ஆளுநரைப் போல மாநிலத் தலைவராக இருந்த ராஜபிரமுகர் என்ற பதவியையும் நீக்கியது. திருவிதாங்கூர்-கொச்சியின் ராஜபிரமுகராக அதுவரை இருந்தவர் சித்திரைத் திருநாள் மகாராஜா. இந்தத் திருத்தத்துக்குச் சிறப்புப் பெரும்பான்மையும் தேவைப்பட்டது, மாநிலங்களின் ஏற்பும் தேவைப்பட்டது. ஆக, ஒரே நாளில் நடைமுறைக்கு வந்த இரண்டு சட்டங்களில் ஒன்று எளிய வாசல் வழியாகவும் மற்றொன்று கடினமான வாசல் வழியாகவும் வந்தன.

“அப்படியானால் நம் மாவட்டம் சாதாரணப் பெரும்பான்மையில் பிறந்ததா, டீச்சர்?” என்று ஒரு பெண் சற்று வருத்தத்தோடு கேட்டாள். ஆமாம் மக்களே. சென்னை மாநிலம் ‘தமிழ்நாடு’ ஆனதும் அப்படித்தான்: 1968இல் நாடாளுமன்றத்தில் சட்டம், 1969 ஜனவரி 14 முதல் புதிய பெயர். குடியுரிமை விதிகள், பழங்குடிப் பகுதிகளின் நிர்வாகம் பற்றிய ஐந்தாம் ஆறாம் அட்டவணைகள் ஆகியவையும் இந்த எளிய வாசலில்தான் வரும்.

சட்டமேலவை விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மேலவையை ஏற்படுத்தவும் கலைக்கவும் பிரிவு 169. அதில் சிறப்புப் பெரும்பான்மை கேட்கப்படுவது மாநிலச் சட்டப்பேரவையிடம். நாடாளுமன்றத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். 1986இல் தமிழ்நாட்டு மேலவை இப்படித்தான் போனது. நம் பேரவையில் 234 பேர் என்பதால், அப்படி ஒரு தீர்மானத்துக்குக் குறைந்தது 118 வாக்குகள் வேண்டும். கூடவே, வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டும் வேண்டும்.

எனக்கு இன்றுவரை விசித்திரமாகத் தோன்றுவது இது: ஒரு மாநிலத்தை இரண்டாகப் பிரிக்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும். அந்த மாநிலத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஆனால் ஏற்க வேண்டியதில்லை. 2014இல் ஆந்திரப் பேரவை நிராகரித்த பிறகும் தெலங்கானா பிறந்தது. குடியரசுத் தலைவர் தேர்தல் முறையில் ஒரு வரியை மாற்றவோ பாதி மாநிலங்கள் வேண்டும். எது பெரிய மாற்றம் என்று யாரைக் கேட்டாலும் மாநிலப் பிரிவினை என்றுதான் சொல்வார்கள். அரசியலமைப்பை எழுதியவர்கள் 1949இல் நாட்டின் வரைபடம் இன்னும் ஆறாத சூட்டில் இருப்பதைப் பார்த்து எழுதினார்கள். அதனால் எல்லைகளை இளக்கமாக விட்டார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இப்போது எண்ணுங்கள்: இரண்டு சோதனைகள்

மசோதா 368இன் கீழ் வருகிறது என்று தெரிந்துவிட்டது. இனி ஒவ்வோர் அவையிலும் அது தனித்தனியாக இரண்டு சோதனைகளைக் கடக்க வேண்டும். இரு அவைகளும் முரண்பட்டால் சாதாரண மசோதாவுக்குக் கூட்டுக்கூட்டம் கூட்டலாம். திருத்த மசோதாவுக்கு அந்த வழி கிடையாது. மாநிலங்களவை ‘இல்லை’ என்றால் இல்லைதான்.

முதல் சோதனை: அவையின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் பாதிக்கு மேல் ஆதரவு. ‘மொத்தம்’ என்றால் காலியிடங்களையும் சேர்த்து. ஓர் உறுப்பினர் இறந்து இடைத்தேர்தல் நடக்காமல் இருந்தாலும் அந்த நாற்காலி கணக்கில் உண்டு. மக்களவைக்கு 543, பாதிக்கு மேல் என்றால் 272. மாநிலங்களவைக்கு 245; அங்கே 123. இந்த இரண்டு எண்களையும் தாளின் மேல் ஓரத்தில் எழுதி வையுங்கள். பழைய வாக்கெடுப்புகளைப் பார்க்கும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். 2020 ஜனவரிக்கு முன் ஆங்கிலோ இந்திய நியமன உறுப்பினர் இருவரையும் சேர்த்து மக்களவை 545 ஆக இருந்தது, அப்போது 273.

இரண்டாவது சோதனை: வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத ஆதரவு. இங்கே ‘வாக்களித்தவர்’ என்றால் ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் மட்டுமே. வெளிநடப்புச் செய்தவர், ஊரில் இருந்தவர், அவையில் உட்கார்ந்தபடியே நடுநிலைக்கான பொத்தானை அழுத்தியவர் ஆகிய யாரும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை ரப்பர் பாலை வைத்துச் சொல்வேன். பால் எத்தனை கிலோ என்பது ஓர் அளவு. அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்பது இன்னோர் அளவு. நிறைய பால், ஆனால் தண்ணீர் என்றாலும் காசில்லை. நல்ல கெட்டிப் பால், ஆனால் அரைக் குவளைதான் என்றாலும் காசில்லை. இரண்டும் தேற வேண்டும்.

இரண்டாவது சோதனைக்கு வகுத்தல் தெரிய வேண்டியதில்லை. எதிர்ப்பு வாக்குகளை இரண்டால் பெருக்குங்கள். ஆதரவு அதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் தேர்ச்சி. இல்லையென்றால் தோல்வி. அவ்வளவுதான். பின்னங்கள், தசமங்கள் எதுவும் குறுக்கே வராது.

இதைக் கைவசப்படுத்தியவுடன் ஓர் எதிர்ப்பு வாக்கு இரண்டு ஆதரவு வாக்குகளுக்குச் சமம் என்பது தெரிந்துவிடும். இன்னொன்றும் தெரியும். “அப்படியானால் சும்மா இருப்பதும் எதிர்ப்பதும் ஒன்றா, டீச்சர்?” என்று முட்டத்துப் பையன் ஒருவன் கேட்டான். முதல் சோதனையில் ஒன்றுதான்: 272 வர வேண்டிய இடத்தில் நீங்கள் இல்லையென்றால் ஒன்று குறைகிறது. இரண்டாவது சோதனையில் சும்மா இருப்பவர் ஆளே இல்லை. ஆகவே பலமான ஆளும் கட்சி 272ஐத் தாண்டிவிட்ட நிலையில் வெளிநடப்புச் செய்யும் எதிர்க்கட்சி, தன் எதிர்ப்பின் எடையைத் தானே இறக்கி வைத்துவிட்டுப் போகிறது. வெளிநடப்புக்கு அரசியல் காரணங்கள் இருக்கலாம்; மறுநாள் செய்தியில் படமும் வரும். கணக்கில் அது எதிர்ப்பு அல்ல.

ஒரு வாக்கின் மூன்றில் ஒரு பங்கு

பிள்ளைகள் மறக்காத உதாரணம் 1970 செப்டம்பர் மாதத்தது. முன்னாள் மன்னர்களுக்குத் தரப்பட்டு வந்த மன்னர் மானியத்தை ஒழிக்க இந்திரா காந்தி அரசு ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தது. மக்களவையில் நிறைவேறியது. செப்டம்பர் 5 அன்று மாநிலங்களவையில் வாக்கெடுப்பு: ஆதரவு 149, எதிர்ப்பு 75.

கரும்பலகையில் இதை எழுதினால் முதலில் எல்லோரும் “நிறைவேறியது” என்பார்கள். பார்வைக்கு இரண்டு மடங்கு போலத்தானே இருக்கிறது? பெருக்குங்கள்: 75ஐ இரண்டால் பெருக்கினால் 150. ஆதரவு 149. தோல்வி. வகுத்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு: வாக்களித்தவர் 224, அதில் மூன்றில் இரண்டு 149.33. அரசு தோற்றது ஒரு வாக்கின் மூன்றில் ஒரு பங்கில்.

இங்கே நிறுத்தாமல் இன்னொரு படி போங்கள். ஆதரவாக இன்னும் ஒருவர் வந்திருந்தால் 150க்கு 75, சரியாக இரண்டு மடங்கு, நிறைவேறியிருக்கும். அது எல்லோருக்கும் தெரிகிறது. எதிர்த்த 75 பேரில் ஒரே ஒருவர் அந்த நேரத்தில் கட்டஞ்சாயா குடிக்க வெளியே போயிருந்தாலும் நிறைவேறியிருக்கும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை: 74இன் இரண்டு மடங்கு 148, 149 போதும். ஆதரவாளர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வருவதும், எதிர்ப்பாளர் ஒருவரை வெளியே நிறுத்துவதும் அந்த மாலையில் ஒரே பலனைத் தந்திருக்கும்.

அடுத்து நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குறுக்கு வழிக்கு என்ன ஆகும் என்பதும் பாடம்தான். தோற்றவுடன் மன்னர்களின் அங்கீகாரத்தையே ரத்து செய்து குடியரசுத் தலைவர் ஆணை பிறந்தது. அந்த டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. 1971 தேர்தலில் பெரிய வெற்றி பெற்று வந்த பிறகு, 26ஆவது திருத்தமாக அதே விஷயம் முறைப்படி நிறைவேறியது. பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுற்றுலா போகும்போது அங்கே ஆண்ட வம்சத்துக்கும் இந்தக் கணக்குக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் நான் பிள்ளைகளை விடுவதில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணம் 2019 ஜனவரியின் 103ஆவது திருத்தம், பொருளாதாரத்தில் பின்தங்கியவர்களுக்கான இடஒதுக்கீடு. மக்களவையில் 323க்கு 3. மாநிலங்களவையில் 165க்கு 7. இங்கே இரண்டாவது சோதனையில் போட்டியே இல்லை. அரசு கவலைப்பட்டிருக்க வேண்டியது முதல் சோதனைக்காக மட்டும்தான். எதிர்ப்பு ஒற்றை இலக்கத்தில் இருக்கும் மசோதாக்களில் நீங்கள் பார்க்க வேண்டியது மேல் ஓரத்தில் எழுதிய எண்ணைத்தான்.

அறிமுகம் வேறு, நிறைவேற்றம் வேறு

2024 டிசம்பர் 17 அன்று ‘ஒரே நாடு ஒரே தேர்தல்’ மசோதா மக்களவையில் அறிமுகமானபோது 269 பேர் ஆதரித்தார்கள், 198 பேர் எதிர்த்தார்கள். அன்று மாலையே இரண்டு விதமான செய்திகள் பரவின: ‘வென்றுவிட்டது’ என்று ஒரு பக்கம், ‘மூன்றில் இரண்டு இல்லை, தோற்றுவிட்டது’ என்று இன்னொரு பக்கம். இரண்டும் அவசரம். மசோதாவை அறிமுகப்படுத்தச் சாதாரணப் பெரும்பான்மை போதும். அது கிடைத்தது, மசோதா கூட்டுக்குழுவுக்குப் போனது. சிறப்புப் பெரும்பான்மை தேவைப்படும் இடங்கள் பிறகு வரும்: மசோதாவைப் பரிசீலனைக்கு எடுக்கும் தீர்மானத்தில் ஒரு முறை, ஒவ்வொரு கூறிலும் (மசோதாவின் எண்ணிட்ட உட்பிரிவிலும்), கடைசியில் மசோதா முழுவதையும் நிறைவேற்றும் தீர்மானத்தில்.

ஆனால் அந்த எண்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். இதே வாக்குகள் இறுதி வாக்கெடுப்பில் விழுந்திருந்தால்? முதல் சோதனை: 272 வேண்டும், 269தான் இருக்கிறது. தோல்வி. இரண்டாவது: 198இன் இரண்டு மடங்கு 396. அதிலும் தோல்வி. (1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் பெற்றதும் இதே 269. எதிர்ப்பு 270. அது சாதாரணப் பெரும்பான்மைக் கணக்கு. ஒரு வாக்கில் ஆட்சி போனது.)

எண்களை எடுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். திருத்த மசோதாவில் குரல் வாக்கெடுப்பு போதாது. ஒவ்வொருவர் வாக்கும் பதிவாக வேண்டும். அவையின் மின்னணுப் பலகையில் முதலில் தோன்றும் எண் இறுதியானது அல்ல. பொத்தான் சரியாக விழாதவர்கள் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அவற்றையும் சேர்த்துத்தான் முடிவு. தொலைக்காட்சியில் ஓடும் எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இரண்டு நாள் பொறுத்து, நாடாளுமன்ற இணையதளத்தில் அவை நடவடிக்கைக் குறிப்பைப் பாருங்கள்.

கூறு கூறாக வாக்கெடுப்பு நடப்பதால் மசோதா முழுதாகத் தப்பி, ஒரு கை மட்டும் வெட்டுப்படுவதும் நடக்கும். நெருக்கடிநிலைக்குப் பிறகு ஜனதா அரசு 1978இல் கொண்டுவந்த மசோதாவில், அரசியலமைப்பின் அடிப்படை அம்சங்களை மாற்ற மக்களிடம் பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று ஒரு கூறு இருந்தது. மாநிலங்களவை அதைத் தூக்கி எறிந்தது. மற்றவை நிறைவேறி 44ஆவது திருத்தமாயின. மசோதாவின் எண் 45, சட்டத்தின் எண் 44, இது குழப்பும். ஜிஎஸ்டி மசோதா 122, சட்டம் 101. மகளிர் இடஒதுக்கீடு மசோதா 128, சட்டம் 106. கேள்வித்தாளில் எந்த எண்ணைக் கேட்கிறார்கள் என்று இரண்டு முறை படியுங்கள்.

மாநிலங்களின் முறை

சில மாற்றங்களுக்கு நாடாளுமன்றம் மட்டும் போதாது. குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் தீர்மானம் நிறைவேற்றி ஏற்க வேண்டும். இப்போது 28 மாநிலங்கள், ஆகவே 14. குடியரசுத் தலைவர் தேர்தல், மத்திய மாநில நிர்வாக அதிகார எல்லை, உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும், சட்டமியற்றும் அதிகாரப் பகிர்வு, ஏழாவது அட்டவணையின் மூன்று பட்டியல்கள் (மத்திய, மாநில, பொதுப் பட்டியல்கள்), ஜிஎஸ்டி மன்றம், நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம், கடைசியாகப் பிரிவு 368 என இவற்றைத் தொட்டால் மாநிலங்களிடம் போயாக வேண்டும். சட்டமன்றத்தில் இதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். காலக்கெடு எதுவும் பிரிவு 368இல் இல்லை.

14 மாநிலங்கள் ஏற்றுவிட்டால் மற்றவை மறுத்தாலும் சட்டம் எல்லோருக்கும் பொருந்தும். ஜிஎஸ்டியில் இதைப் பார்த்தோம். 2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையில் 203க்கு பூஜ்யம். அப்போது தமிழ்நாட்டை ஆண்ட அ.தி.மு.க.வின் உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்து வெளிநடப்புச் செய்திருந்தார்கள். அந்தப் பூஜ்யத்தைப் பார்ப்பவருக்குத் தமிழ்நாடு எதிர்த்ததற்கான தடயமே கிடைக்காது. ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் 443க்கு பூஜ்யம். முதலில் ஏற்ற மாநிலம் அசாம். போதிய மாநிலங்கள் சேர்ந்ததும் செப்டம்பர் 8 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல்.

மாநிலங்களிடம் போக வேண்டியதைப் போகாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு தீர்ப்புகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கட்சித்தாவல் தடைக்கான பத்தாவது அட்டவணை 1985இல் வந்தது. அதன் ஏழாவது பத்தி, இந்த விவகாரங்களில் நீதிமன்றம் தலையிட முடியாது என்றது. அது நீதிமன்றங்களின் அதிகாரத்தைத் தொடுகிறது, மாநிலங்கள் ஏற்கவில்லை, ஆகவே அந்தப் பத்தி செல்லாது என்று 1992இல் கிஹோட்டோ ஹோல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இரண்டாவது, நம் ஊரில் யாருக்கும் நெருக்கமானது. கூட்டுறவுச் சங்கங்களுக்காக 97ஆவது திருத்தம் அரசியலமைப்பில் ஒரு தனிப் பகுதியையே சேர்த்தது. 2012இல் நடைமுறைக்கு வந்தது. கூட்டுறவு என்பது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். அதைத் தொடும் திருத்தத்துக்கு மாநிலங்களின் ஏற்பு பெறப்படவில்லை. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மாநிலங்களுக்குள் இயங்கும் சங்கங்களைப் பொறுத்தவரை அந்தப் பகுதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. பல மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கு மட்டும் அது மிஞ்சியது. நாடாளுமன்றத்தில் வாக்குக் கணக்கு சரியாகவே இருந்தது, தவறியது மாநிலங்களின் ஏற்பு என்ற படிதான். ஆகையால் உங்கள் தாளில் வாக்குகளை எழுதுமுன்னரே, ‘மாநிலங்கள் வேண்டுமா?’ என்று ஒரு கட்டம் போட்டு வையுங்கள்.

அக்கரையில் எப்படி?

கடற்கரைப் பிள்ளைகள் இலங்கைச் செய்திகளை நம்மைவிடக் கூர்ந்து கேட்பவர்கள். அவர்களுக்காக ஒரு பத்தி. கொழும்பில் கணக்கு எளிது. நாடாளுமன்றத்தில் 225 பேர். வராதவர்களையும் சேர்த்து மொத்தத்தில் மூன்றில் இரண்டு, அதாவது 150. 2022 அக்டோபரில் 21ஆவது திருத்தம் 179 வாக்குகளோடு நிறைவேறியது. அங்கே வெளிநடப்பும் எதிர்ப்பும் ஒரே பலன் தரும். சில அடிப்படைப் பிரிவுகளுக்குப் பொதுவாக்கெடுப்பும் தேவை. கைடு ஆசிரியர்கள் சொல்லும் ‘மொத்தத்தில் மூன்றில் இரண்டு’ அங்கேதான் உண்மை. நம் நாட்டில் அந்தக் கணக்கு குடியரசுத் தலைவரைப் பதவிநீக்கம் செய்யும் பிரிவு 61இல் மட்டும் வருகிறது.

ஒப்புதலுக்குப் பிறகும் தாளை மூடாதீர்கள்

திருத்த மசோதாவைக் குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்ப முடியாது, கிடப்பில் போடவும் முடியாது. ஒப்புதல் அளித்தே ஆக வேண்டும். 1971இன் 24ஆவது திருத்தம் செய்த ஏற்பாடு இது. பிறகு அரசிதழில் வெளியாகும்.

அரசிதழில் வந்துவிட்டது என்பதால் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். சட்டத்தின் முதல் கூறைப் படியுங்கள். ‘மத்திய அரசு அறிவிக்கும் நாளில்’ என்று இருந்தால் அந்த அறிவிப்பையும் தேட வேண்டும். 44ஆவது திருத்தத்தில் தடுப்புக் காவல் பற்றிய மூன்றாம் கூறு 1978இல் இரு அவைகளிலும் நிறைவேறி, ஒப்புதலும் பெற்று, அறிவிக்கப்படாமலேயே தங்கிவிட்டது. 2023இன் மகளிர் இடஒதுக்கீடு மக்களவையில் 454க்கு 2 என்று நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே பலன் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

நீதிமன்றம் வேறு இருக்கிறது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர், அடிப்படைக் கட்டமைப்பை எந்தத் திருத்தத்தாலும் சிதைக்க முடியாது என்றார்கள். அங்கே சாதாரணப் பெரும்பான்மைதான் என்பதைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். நீதிபதிகள் நியமன ஆணையத்துக்கான 99ஆவது திருத்தம் 2014இல் மக்களவையில் 367க்கு பூஜ்யம், மாநிலங்களவையில் 179க்கு பூஜ்யம் என்று நிறைவேறி, பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களின் ஏற்பையும் பெற்றது. 2015 அக்டோபரில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அதைச் செல்லாது என்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட எத்தனையோ பேரின் முடிவை நான்கு பேர் மாற்றலாமா என்று வகுப்பில் ஒவ்வொரு முறையும் சண்டை வரும். நான் நீதிமன்றத்தின் பக்கம். என்னோடு ஒத்துப்போகாதவர்களுக்கும் மதிப்பெண் உண்டு.

கடைசியாக மூன்று பயிற்சிகள். எண்கள் கற்பனை.

மக்களவை. ஆதரவு 270, எதிர்ப்பு 130. இரண்டாவது சோதனை: 260 போதும், தேறியது. முதல் சோதனை: 272 இல்லை. தோல்வி.

மாநிலங்களவை. எட்டு இடங்கள் காலி, முப்பது பேர் வெளிநடப்பு, ஐந்து பேர் நடுநிலை. ஆதரவு 136, எதிர்ப்பு 66. முதல் சோதனை: 123ஐத் தாண்டியது. இரண்டாவது: 132 போதும். நிறைவேறியது. வெளியே போன முப்பது பேரும் உள்ளே இருந்து எதிர்த்திருந்தால் எதிர்ப்பு 96, இரண்டு மடங்கு 192, மசோதா விழுந்திருக்கும்.

மாநிலங்களவை. ஆதரவு 120, எதிர்ப்பு பூஜ்யம். இதற்கு விடை நான் எழுதப்போவதில்லை. மேல் ஓரத்தைப் பாருங்கள்.